பங்கு வீட்டுக்கும் வாடகைப் பட்டறைக்கும் சூரிய மின் கடன் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக் கூரைகளில் சூரிய மின்தகடு அமைப்பதற்கான மானியம் குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரையை வாசித்தேன். வங்கியில் கடன் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற காரைக்குடிக்காரன் என்ற முறையில், அக்கட்டுரை தொடாமல் விட்ட ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். மானியத்துக்கும் கடனுக்கும் பணம் இருக்கிறது. செட்டிநாட்டில் அது கூரை ஏறாமல் நிற்பது சொத்து ஆவணத்தால்தான்.

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்துக்கு மத்திய அரசு 75,021 கோடி ரூபாய் ஒதுக்கியது. 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம் உண்டு. 3 கிலோவாட் வரை பிணையமில்லாக் கடனும் உண்டு. ஆனால் மானியம், தகடு பொருத்தி மின் இணைப்புக் கொடுத்த பிறகே பயனாளியின் கணக்குக்கு வருகிறது. அதுவரை முழுத் தொகையையும் யாரேனும் போட்டாக வேண்டும், அதற்குத்தான் கடன். கடன் கேட்டுப் போனால் வீடு யார் பெயரில், மின் இணைப்பு யார் பெயரில் என்பதே முதல் கேள்வி.

பள்ளத்தூரில் எங்கள் உறவினரான ஆச்சி ஒருவர் பங்காளிகள் பலருக்கும் பொதுவான பெரிய பங்கு வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் தனியாக வசிக்கிறார். மின் இணைப்பு இன்னும் அவருடைய மாமனார் பெயரிலேயே இருக்கிறது. பங்காளிகள் சென்னையிலும் கோவையிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். மின் கட்டணத்தைப் பல ஆண்டுகளாகத் தவணை தவறாமல் கட்டிவருபவர் ஆச்சிதான். கடன் கேட்டபோது வாரிசுச் சான்றும் பங்காளிகள் அனைவரின் சம்மதக் கையெழுத்தும் வேண்டும் என்றார்கள். மலேசியாவில் இருப்பவரின் கையெழுத்து வந்து சேரவில்லை. விண்ணப்பம் அப்படியே கிடக்கிறது. பிணையமே வேண்டாத கடனுக்கு வீட்டின் மொத்த வாரிசுரிமையும் ஏன் தீர்க்கப்பட வேண்டும் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நாட்டு ஓட்டுக் கூரை தகடுகளின் பாரத்தைத் தாங்காது என்பது உண்மைதான். அதற்குப் பின்கட்டில் உயரமான இரும்புச் சட்டகம் அமைத்துக்கொள்ளலாம்.

தொழில் செய்வோரின் நிலை இதைவிடக் கடினம். வீட்டுக்கான இந்த மானியம் அவர்களுக்குக் கிடையாது. சூரிய மின் சாதனங்களுக்கு வருமான வரிக் கணக்கில் 40 சதவீதத் தேய்மானம் கழிக்கலாம் என்றாலும், அது வரி கட்டும் அளவுக்கு லாபம் காட்டுபவருக்கே உதவும். தேன்குழலும் மணகோலமும் செய்து வெளியூருக்கு அனுப்பும் பலகாரக்காரர் கிரைண்டரையும் மாவு மில்லையும் பகல் முழுவதும் ஓட்டுகிறார். சூரியன் தரும் மின்சாரம் அவர் வேலை நேரத்தோடு அப்படியே பொருந்துகிறது. ஆனால் அவர் வைத்திருப்பது 11 மாத வாடகை ஒப்பந்தம், கடனுக்கோ 5 ஆண்டுத் தவணை. சூரிய மின் நிறுவனமே முதலீடு செய்து தகடு அமைக்க, நாம் யூனிட்டுக்கு இவ்வளவு என்று கட்டும் முறை இருக்கிறது என்பார்கள். அந்த நிறுவனங்கள் பெரிய ஆலைக் கூரைகளையே நாடுகின்றன. பக்கத்து மாவட்டமான ராமநாதபுரத்தில், கமுதியில் 648 மெகாவாட் நிலையத்துக்கு முதலீடு கிடைத்தது. 5 கிலோவாட் கேட்கும் பட்டறைக்குக் கிடைப்பதில்லை.

வட்டித் தொழிலில் பர்மா வரை சென்ற எங்கள் முன்னோர் ஆளின் நாணயத்தையும் வரவையும் எடைபோட்டுக் கடன் கொடுத்தவர்கள். இன்று அதற்கு ஈடாக மின் கட்டண ரசீதுகள் இருக்கின்றன. இரண்டு மூன்று ஆண்டுகள் தவறாமல் கட்டணம் செலுத்தியவர், குடியிருக்கும் பங்காளியானாலும் வாடகைக்கு இருக்கும் பட்டறைக்காரரானாலும், அந்த ரசீதுகளையே தகுதிச் சான்றாகக் கொண்டு கடன் பெற வழி செய்யலாம். தகடுகளும் இன்வெர்ட்டருமே ஈடாகட்டும். வீட்டுக்கு வரும் மானியம் நேரே கடன் கணக்கில் வரவாகட்டும். இடம் மாறினால் தகடுகளைக் கழற்றிப் புதிய கூரையில் பொருத்திக்கொள்ள முடியும் என்பதால், கட்டடத்தை அடமானம் கேட்பதில் பொருளில்லை. பங்கு வீடுகளில் இணைப்புப் பெயர் மாற்றத்துக்கு, குடியிருப்பவரின் உறுதிமொழிப் பத்திரத்தை மின்வாரியம் ஏற்க வேண்டும். ஒரே அமைப்பின் மின்சாரத்தை வீட்டின் பல இணைப்புகளுக்குப் பகிர்ந்து கணக்கிடவும் வழி செய்ய வேண்டும்.

மாவட்டத்தின் வங்கிகளை ஒருங்கிணைக்கும் சிவகங்கை மாவட்ட முன்னோடி வங்கி நடத்தும் அடுத்த வங்கியாளர் கூட்டத்தில் இதைத் தனிப்பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு மாவட்ட ஆட்சியரைத் தங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற வங்கி அலுவலர்,
காரைக்குடி.