தீர்ப்புக்குப் பிறகு வந்த 82 ஆயிரம் பேருக்கு

நீகாட்டா பழைய மூன்றாம் தொகுதியின் வாக்காளப் பெருமக்களுக்கு வணக்கம்.

உங்கள் தொகுதி இப்போது வரைபடத்தில் இல்லை. 1994-ல் ஜப்பான் தேர்தல் முறையை மாற்றியபோது, ஐந்து பேரைக் கீழவைக்கு அனுப்பிய அந்தப் பெரிய தொகுதியையும் கலைத்துவிட்டார்கள். ஆனால் 1983-ல் அங்கே வாக்களித்தவர்களில் பலர் இன்னும் நகாவோகாவிலும் கஷிவாசாகியிலும் ஓஜியாவிலும் வாசல் பனியை அள்ளிக்கொண்டுதான் இருப்பீர்கள். இந்த மடல் உங்களுக்கு. அதிலும் குறிப்பாக உங்களில் 82 ஆயிரம் பேருக்கு.

முதலில் கணக்கு. 1980 தேர்தலில் முன்னாள் பிரதமர் ககுயேய் தனாகாவுக்கு விழுந்த வாக்கு 1,38,598. 1983 அக்டோபர் 12 அன்று, லாக்ஹீட் விமான பேரத்தில் 50 கோடி யென் லஞ்சம் வாங்கிய வழக்கில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அவருக்கு நான்கு ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. அன்றைக்கே ஜாமீனில் வெளியே வந்தார். டிசம்பர் 18-ல் தேர்தல். இந்த முறை 2,20,761. குற்றவாளி என்று தீர்ப்பு வந்து இரண்டே மாதத்தில், முந்தைய தேர்தலைவிட 82,163 வாக்கு கூடுதல்.

நாடு முழுக்கக் காற்று வேறு பக்கம் அடித்தது. 511 இடங்களில் 250 மட்டும் வென்று ஆளுங்கட்சியான லிபரல் ஜனநாயகக் கட்சி பெரும்பான்மையை இழந்தது. தனாகா 1976-ல் கைதானபோதே அந்தக் கட்சியை விட்டு விலகிவிட்டவர், நின்றதும் சுயேச்சையாக. அடி கட்சிக்கு, மாலை அவருக்கு!

ஆளுக்கு ஒரே வாக்கு, வெல்பவர்கள் ஐந்து பேர். அப்படிப்பட்ட தொகுதியில் ஜெயிக்க அந்த 2,20,761-ல் பாதிகூட வேண்டியதில்லை. மிச்ச வாக்கெல்லாம் வீண் என்பது உங்களுக்குத் தெரியாதா என்ன? பல தேர்தல் பார்த்தவர்கள் நீங்கள். ஆகவே, அந்த வாக்கு அவரை ஜெயிக்க வைக்கப் போட்டதல்ல. யாருக்கோ எதையோ சொல்லப் போட்டது. யாருக்கு, என்ன சொன்னீர்கள் என்பதுதான் பல வருடமாக என் மண்டையைக் குடையும் கேள்வி.

டோக்கியோவில் உங்களைப் பட்டிக்காடு என்றார்கள், விலைபோனவர்கள் என்றார்கள். ஒளிப்பானேன், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு பிப்ரவரியில் உங்கள் ஊருக்கு வரும்வரை.

டோக்கியோவில் ரயில் ஏறும்போது பளிச்சென்று வெயில். 22 கிலோமீட்டர் நீளமுள்ள தாய்-ஷிமிசு சுரங்கத்துக்குள் போய் வெளியே வந்தால் வேலியும் தெரியவில்லை, வயலும் தெரியவில்லை. நகாவோகாவில் இறங்கி நடந்தேன். சாலை நடுவே வரிசையாகச் சின்னச் சின்னத் துளைகள். அவற்றிலிருந்து நிலத்தடி நீர் பீச்சியடித்துப் பனியைக் கரைத்துக்கொண்டிருந்தது. தண்ணீரில் இரும்புச் சத்து போல, செம்மண்ணைக் கரைத்து ஊற்றிய மாதிரி தார்ச்சாலை முழுக்கத் துருநிறம். அரை மணி நேரத்தில் என் காலணிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. எனக்கு ஒரு நாள். உங்களுக்கு வருடத்தில் மூன்று நான்கு மாதம்.

யமகோஷியில் கையால் குடைந்த நகாயாமா சுரங்கத்தையும் பார்த்தேன். பனிக்காலத்தில் நோயாளியைச் சுமந்துகொண்டு கணவாயைக் கடக்க முடியாததால், கிராமத்தார் குந்தாலியை எடுத்துக்கொண்டு 1933-ல் மலையைக் குடையத் தொடங்கினார்கள். 1949-ல் மறுபக்கம் வந்தார்கள். கிட்டத்தட்ட 900 மீட்டர், பதினாறு வருடம். சுவரில் குந்தாலி கொத்திய தடம் இன்னும் இருக்கிறது.

அந்த வேலை நடந்துகொண்டிருந்த 1946-ல்தான் தனாகா முதல் தேர்தலில் நின்றார். மிகுனி கணவாயை வெட்டிச் சாய்ப்போம், பனியைக் கொண்டுவரும் காற்று பசிபிக் பக்கம் போய்விடும், வெட்டிய மண்ணைக் கடலில் கொட்டி சாடோ தீவுக்குப் பாதை போடுவோம் என்று பேசினார். சிரிப்பு வருகிறதா? குந்தாலியால் மலையைக் குடைந்துகொண்டிருந்தவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்காது. அந்தத் தேர்தலில் தோற்றார். 1947-ல் வென்றார். 1949 தேர்தலுக்கு, நிலக்கரிச் சுரங்க லஞ்ச வழக்கில் சிறையிலிருந்தே மனுத் தாக்கல் செய்தார், வென்றார். மேல்முறையீட்டில் அந்த வழக்கிலிருந்து விடுதலையும் ஆனார். ‘அப்போதும் டோக்கியோ குற்றவாளி என்றது, கடைசியில் என்ன ஆயிற்று?’ என்ற நினைப்பு 1983-லும் உங்களுக்கு இருந்திருக்குமோ? இதை யாராவது சொன்னால் தேவலை.

அப்புறம் நடந்ததை நீங்களே நன்றாகச் சொல்வீர்கள். 1963-ல் பெரும்பனி கொட்டியபோது அவர் நிதியமைச்சர். பனியும் பேரிடர்தான் என்று பேரிடர் நிவாரணச் சட்டத்தை முதன்முதலாக அதற்குப் பொருத்தினார். சாலைகள் வந்தன, 1982-ல் ஷின்கான்சென் அதிவேக ரயில் வந்தது. சுமார் 60 வீடுகள் இருக்கும் ஷியோதானிக்கு ஒரு சுரங்கப்பாதை வந்தது. வீட்டுக்கு எவ்வளவு செலவு என்று டோக்கியோக்காரர்கள் வகுத்துப் பார்த்துக் கேலி செய்தார்கள். அவர்கள் ஊரில் யாரும் பிரசவ வலியோடு கணவாயில் மாட்டிக்கொண்டதில்லை.

இதுவரை நான் உங்கள் கட்சி. இனிக் கொஞ்சம் சண்டை.

ஷோயிச்சி மியாகே என்ற பெயரை மறந்திருக்க மாட்டீர்கள். தனாகாவுக்கு முன்பே உங்கள் குத்தகை விவசாயிகளைச் சங்கமாகத் திரட்டி நிலக்கிழார்களோடு மோதியவர், சோஷலிஸ்ட், கீழவையின் துணைச் சபாநாயகராகவும் இருந்தவர். 1980-ல் அவரைத் தோற்கடித்தீர்கள். அவருடைய விவசாயச் சங்கத்தில் இருந்த பலர் அதற்கு வெகுநாள் முன்பே தனாகாவின் ஆதரவாளர் அமைப்பான எத்சுசான்காயில் சேர்ந்திருந்தார்கள். தோற்றுப்போன மியாகேவுக்குத் தனாகா யாருக்கும் தெரியாமல் மாதாமாதம் பணம் அனுப்பினார் என்று சொல்வார்கள். நல்ல மனசு, சரி. ஆனால் மியாகே காலத்தில் நீங்கள் ‘கொடு’ என்று கேட்டதை, தனாகா காலத்தில் பேருந்து பிடித்து டோக்கியோ மெஜிரோவில் அவர் வீட்டுக்கே போய் மனுவாக நீட்டினீர்கள். பாலம் என்னவோ அதே பாலம்தான். கேட்கிறவன் நிற்கும் விதம் மாறிவிட்டது. எனக்கு உறுத்துவது லஞ்சத்தைவிட இதுதான்.

அப்புறம் கஷிவாசாகி-கரிவா அணுமின் நிலையம். ஏழு உலைகள், உலகிலேயே பெரியது. அந்த மின்சாரம் போனது டோக்கியோவுக்கு. உங்கள் வீட்டு விளக்குக்கு வேறொரு நிறுவனத்தின் மின்சாரம். அணு உலை வைக்கும் ஊர்களுக்குப் பணம் கொடுக்கும் சட்டங்கள் வந்தது 1974-ல், தனாகா பிரதமராக இருந்தபோது. அந்தக் கொடுக்கல் வாங்கலில் லாபம் யாருக்கு என்று உங்களுக்குள் பேசிக்கொண்டீர்களா?

1985-ல் பக்கவாதம் வந்து பேச முடியாமல் போன மனிதருக்கு, ஒரு கூட்டத்துக்குக்கூட அவர் வராமலே 1986-ல் 1,79,062 வாக்கு போட்டீர்கள். 1993-ல் மகள் மகிகோவை அனுப்பினீர்கள். ஆனால் 2012-ல் அதே மகிகோவைத் தோற்கடித்துவிட்டு நீங்கள் தேர்ந்தெடுத்தது தாதாயோஷி நாகாஷிமாவை. 2004 நிலநடுக்கத்தில் யமகோஷி கிராமம் முழுவதும் ஊரைக் காலி செய்து வெளியேறியபோது அங்கே கிராமத் தலைவராக இருந்தவர் அவர். குந்தாலிக்காரர்களின் ஊர்! 2024-ல் நீகாட்டாவின் ஐந்து தொகுதிகளில் ஒன்றுகூட லிபரல் ஜனநாயகக் கட்சிக்குக் கிடைக்கவில்லை. ஆக, கைமாற்றிப் போடத் தெரியாதவர்கள் அல்ல நீங்கள். அதனால்தான் 1983 எனக்கு இன்னும் பிடிபடாமல் இருக்கிறது.

உராசா ரயில் நிலையத்துக்கு வெளியே அவருடைய சிலையையும் பார்த்தேன். கையை உயர்த்திக்கொண்டு நிற்கிறார். தலைமேல் பனி விழாமல் பிற்பாடு ஒரு கூரை போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் வண்டிக்காகக் காத்திருந்த ஒரு பெரியவரிடம் என் அரைகுறை ஜப்பானியத்தில் கேட்டேன். நீங்கள் அவருக்கு வாக்களித்தீர்களா? அவர் சிரித்துவிட்டு, டோக்கியோவில் இன்று வெயிலா என்று என்னைத் திருப்பிக் கேட்டார்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். 1980-ல் அவருக்குப் போடாமல் 1983-ல் போட்ட ஒருவராவது, அந்த டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை வாக்குச் சாவடிக்குப் போகும் வழியில் மனதில் என்ன ஓடியது என்று எழுதி வையுங்கள். பேரப்பிள்ளைகளிடம் சொல்லி எழுத வைத்தாலும் சரி. நான்கு வரி போதும். அவர் நிரபராதி என்று நம்பினீர்களா, இல்லை குற்றவாளி என்று தெரிந்தேதான் போட்டீர்களா?