சிகரெட்டை விட்ட பொம்பளைங்களும் இருக்கோம் சார்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

மே 31 புகையிலை ஒழிப்பு தினத்துக்கு முழுப்பக்கம் போட்டிருந்தீங்க, சிகரெட்டை விட்டவங்க அஞ்சு பேரோட அனுபவம். அஞ்சு பேரும் ஆம்பளைங்க. கீழ ஓரத்துல 'பெண்கள் விடுவது கடினம்'னு ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரிக்குள்ள நானும் இருக்கேன்ங்கறதால எழுதுறேன், நீளமா போச்சுன்னா வெட்டிக்கோங்க.

நானும் என் வீட்டுக்காரரும் போன வருஷம் பொங்கல் முடிஞ்ச கையோட ஒரே நாள்ல விட்டோம். ரெண்டு பேருக்கும் பத்து வருஷப் பழக்கம், ஓஎம்ஆர்ல ஆபீஸ் பக்கத்து டீக்கடைக்குப் பின்னாடி ஆரம்பிச்சது. அவரு ஒரே தடவைல விட்டுட்டாரு, எனக்கு மூணு தடவ ஆச்சு. அதுக்காக அவரு உறுதியானவரு நான் சொத்தைன்னு ஆயிடாது, ஏன்னா அந்த முதல் வாரம் வீட்ல நடந்தது அப்படி. அவரு எரிஞ்சு எரிஞ்சு விழுந்தாரு, சாப்பாட்டு தட்ட தள்ளி விட்டாரு, ராத்திரி தூங்காம ஹால்ல நடந்தாரு. மாமியாரு "பாவம், புள்ள சிகரெட்ட விடுறான், யாரும் வாய குடுக்காதீங்க"ன்னு சொல்லிட்டு கடலமிட்டாயும் சுக்கு காப்பியுமா கொண்டு வந்து குடுத்துட்டே இருந்தாங்க. கொழுந்தனாரு ஃபேமிலி வாட்ஸப் குரூப்ல தினம் நாள் கணக்கு போட, எல்லாரும் கைதட்டு பொம்மையா போட்டாங்க. அதே வாரம் எனக்கும் அதே படபடப்பு, அதே எரிச்சல், பாத்ரூம்ல பைப்ப தொறந்து விட்டுட்டு அழுதுட்டு வெளிய வந்து மைக்ரேன்னு சொன்னேன். "தைலத்த தேச்சுக்கிட்டு ரெண்டு தோசைய ஊத்தும்மா, அவன் பசியோட இருக்கான்"னாங்க. ஒம்பதாவது நாள் ஆபீஸ் கீழ போய் ஒண்ணு வாங்கி பத்த வெச்சுட்டேன்.

டாக்டர் கதை இன்னொண்ணு. விடறதுக்கு முன்னாடி செக்கப்புக்கு சேந்து தான் போனோம். அவர எத்தன வருஷம், ஒரு நாளைக்கு எத்தன, காலைல எந்திரிச்சதும் புடிப்பீங்களான்னு எல்லாம் கேட்டு சிகரெட்டுக்கு பதிலா மெல்லுற 2 மில்லிகிராம் நிக்கோட்டின் கம் எழுதி குடுத்தாரு. என்ன ஒரு வார்த்த கேக்கல. கிளம்பும்போது "நீங்க தான்மா கூட இருந்து பாத்துக்கணும்"னாரு. நான் சரிங்க டாக்டர்னேன், வேற என்ன சொல்ல.

அவரோட கம்மையே எடுத்து நானும் மென்னேன். பபிள்கம் மாதிரி மென்னு முழுங்கிட்டேன், அதும் ஃபில்டர் காப்பி குடிச்ச சூட்டோட. வயிறு எரிஞ்சது தான் மிச்சம். மெதுவா நாலஞ்சு தடவ மென்னு, காரமா வந்ததும் கன்னத்துல ஒதுக்கி வெச்சுக்கணும், காப்பி ஜூஸ் குடிச்சா கால் மணி நேரமாவது விட்டு தான் போடணும், இல்லன்னா நிக்கோட்டின் வாய்ல சரியா இறங்காதுன்னு பின்னாடி தான் தெரிஞ்சுது. சொன்னது 1800-11-2356ல பேசுன பொண்ணு. புகையிலைய விட உதவி பண்ற அரசாங்க இலவச நம்பர், தமிழ்லயே பேசுனாங்க. இந்த நம்பர 2018ல இருந்து சிகரெட் பாக்கெட்லயே அச்சடிக்கிறாங்களாம், நாம தான் ஒத்த சிகரெட்டா வாங்குறோமே, பாக்கெட்ட எங்க பாத்தோம். மொட்டமாடில துணி காயப் போடற சாக்குல தான் நான் பேசுவேன். ரெண்டு தடவயும் எப்ப திரும்ப புடிச்சீங்கன்னு அந்த பொண்ணு தேதி கேட்டப்ப தான் கவனிச்சேன், ரெண்டும் பீரியட்ஸுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடி. அப்ப அந்த நாளுக்கு மட்டும் தனியா ஏற்பாடு பண்ணிக்கோங்கன்னாங்க. மூணாவது தடவ அப்படி தான் தாண்டுனேன், இப்ப 11 மாசம். நாலு கிலோ ஏறிடுச்சு, அது கெடக்கட்டும்.

ஒடம்புலயும் வித்தியாசம் இருக்கு தான், நீங்க போட்ட வரி பொய்யின்னு சொல்ல வரல. பொம்பளைங்க ஒடம்புல நிக்கோட்டின் சீக்கிரம் கரைஞ்சிடுது, கருத்தடை மாத்திரை சாப்பிட்டா இன்னும் சீக்கிரம், கர்ப்பமா இருந்தாலும் அப்படித்தான். தோல்ல ஒட்டுற நிக்கோட்டின் பேட்ச் ஆம்பளைங்களுக்கு வேல செய்யற அளவுக்கு நமக்கு செய்யறதில்லன்னு பல ஆராய்ச்சில வந்திருக்கு, சிகரெட் ஆசைய குறைக்க டாக்டர் சீட்டுல தர்ற வரெனிக்ளின் மாத்திரைல அந்த குறை தெரியல. இதெல்லாம் எந்த பொம்பளைக்கு எந்த டாக்டர் சொல்லுவாரு, புடிப்பியான்னே கேக்காதப்ப?

2016-17 சர்வேல நம்ம நாட்டு பொம்பளைங்கள்ல நூத்துக்கு ரெண்டு பேர் தான் புகை புடிக்கிறாங்கன்னு இருக்கு. ஆனா வெத்தல பொகையில மாதிரி வாய்ல போடறதெல்லாம் சேத்தா 14 பேர். எங்க மாமியாரு கூட வெத்தலையோட ஒரு கிள்ளு போடுவாங்க, அத யாரும் கெட்டபழக்கம்னே சொன்னதில்ல, அதனால விடுங்கன்னும் சொன்னதில்ல.

அடுத்த மே 31க்கு அந்த நம்பர பெருசா போடுங்க சார், கம் எப்படி மெல்லணும்னு ஒரு சின்ன பெட்டி செய்தியும் போடுங்க. அனுபவம் சொல்ல ஒரு பொம்பளைய தேடுனீங்கன்னா நான் பேசறேன், ஆனா போட்டோ வேணாம். இந்த லெட்டர்லயும் பேர் போட்டுடாதீங்க, எங்க வீட்ல உங்க பேப்பர மொதல்ல பிரிக்கறது மாமியாரு தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, சென்னை