திரையில் 34 டிகிரி, தண்ணீரில் 31: ஹீட்டர், ஸ்லிங் குறித்த புகார்

அனுப்புநர்:
இயன்முறை சிகிச்சைப் பிரிவு,
சிறப்புக் குழந்தைகள் மையம், கோயம்புத்தூர்.

பெறுநர்:
மேலாளர், விற்பனைக்குப் பிந்தைய சேவைப் பிரிவு.

பொருள்: நீர் சிகிச்சைக் குளத்து ஹீட்டர் சென்சாரை இடம் மாற்றுதல், குழந்தைகளைத் தூக்கிக் குளத்தில் இறக்கும் ஸ்லிங்கை (தூக்குத் துணி) மாற்றித் தருதல் – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். நீங்கள் பொருத்திய 18 கிலோவாட் ஹீட்டரின் திரை நாள் முழுக்க 34 டிகிரி காட்டுகிறது. குளத்தில் மூன்று இடங்களில், 30 செ.மீ. ஆழத்தில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் 31தான். பத்து நாள் அளவுகளை இணைத்துள்ளோம்.

சென்சாரை ஹீட்டரிலிருந்து தண்ணீர் வெளியேறும் குழாயில் சொருகியிருக்கிறீர்கள். ஹீட்டர் வழியாக மணிக்குச் சுமார் 5,000 லிட்டர் போகிறது. அந்த ஓட்டத்தில் 18 கிலோவாட், தண்ணீரை 3 டிகிரி ஏற்றும். 31இல் நுழைவது 34ஆக வெளியே வரும். சென்சார் உடனே ஹீட்டரை அணைத்துவிடும். குழாய் ஆறியதும் மறுபடி போடும். பம்ப் அறையில் நின்றால் ஹீட்டருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டர் ஓயாமல் டக் டக்கென்று அடிப்பது கேட்கும். இந்த அடி அடித்தால் அதன் முனைகள் எத்தனை நாள் தாங்கும்?

'ஹீட்டர் பத்தாது, பெரிசாப் போடுங்க' என்கிறது உங்கள் பதில். குளம் 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 1.1 மீட்டர் ஆழம், 26,400 லிட்டர். ஒரு டிகிரி ஏற்ற ஏறக்குறைய 31 யூனிட் போதும். இந்த ஹீட்டருக்கு இரண்டு மணி நேர வேலை. சென்சாரை அங்கேயே விட்டுப் பெரியது போட்டால், வெளிக்குழாய் இன்னும் சீக்கிரம் சூடாகி, குளம் அப்போதும் குளிர்ந்தே கிடக்கும்.

உங்கள் டெக்னீஷியன் செட்டிங்கை 37க்கு ஏற்றிவிட்டுப் போனார். ஃபில்டரை பேக்வாஷ் செய்த (தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு அழுக்கெடுத்த) அன்று ஓட்டம் கூடி, வெளிக்குழாய்க்கும் குளத்துக்கும் உள்ள சூட்டு வித்தியாசம் குறைந்து, குளம் 35ஐத் தாண்டியது. இதற்குப் பெயர் ரிப்பேர் அல்ல.

பெரியவர்கள் நீந்தும் குளமென்றால் 3 டிகிரியைப் பொருட்படுத்த மாட்டோம். இங்கே இறங்குவது மூளை முடக்குவாதம் உள்ள, மெலிந்த குழந்தைகள். கை கால் அசைத்து உடம்பைச் சூடேற்றிக்கொள்ள முடியாதவர்கள். பலருக்குக் குளிர்கிறது என்று சொல்லவும் வராது. கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கும், தொடைகள் கத்தரிக்கோல் போலப் பின்னும். எந்த இறுக்கத்தைத் தளர்த்த இறக்கினோமோ அதுவே கூடுகிறது. 30 நிமிடப் பயிற்சி 12 நிமிடத்தில் நிற்கிறது.

ஸ்லிங் விஷயம் சுருக்கமாக: தலைதாங்கியுடன் கூடிய வலைத்துணி ஸ்லிங் நான்கு கேட்டோம். வந்தவை முதுகு பாதிவரை மட்டும் வரும், கீழே திறந்த டாய்லெட் ஸ்லிங். உடம்பை நிமிர்த்தி உட்காரத் தெரிந்தவர்களுக்கு உரியது அது. தலை நிற்காத குழந்தையை அதில் தூக்கவே கூடாது. பிரிக்காமல் வைத்திருக்கிறோம்.

எங்கள் கோரிக்கை: குளத்திலிருந்து தண்ணீர் இழுக்கும் குழாயில், ஹீட்டருக்கு முன்னால் சென்சாரை வையுங்கள். வெளிக்குழாயில் அதிகச் சூட்டில் அணைக்கும் தனி கட்-ஆஃபும், ஓட்டம் நின்றால் ஹீட்டரை நிறுத்தும் ஃப்ளோ சுவிட்சும் வேண்டும். இரண்டும் உங்கள் கொட்டேஷனிலேயே இருக்கின்றன, பம்ப் அறையில்தான் இல்லை. வேலை முடிந்தபின் எங்கள் தெர்மாமீட்டரில் தொடர்ந்து மூன்று நாள் 33.5க்கும் 34.5க்கும் இடையில் நின்றால்தான் மீதி 20 சதவீதத் தொகை. ஞாயிறன்று குளம் காலி. அன்றே ஆளை அனுப்பலாம்.

இப்படிக்கு,
இயன்முறை சிகிச்சைப் பிரிவினர்