ஆன்லைன் எம்பிஏ விளம்பரத்தில் அனுமதி பெற்ற பருவத்தையும் அச்சிட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜூலை - ஆகஸ்ட் சேர்க்கை நெருங்கிவிட்டால் நாளிதழ்களில் ஆன்லைன் எம்பிஏ விளம்பரங்கள் அரைப்பக்கம், முழுப்பக்கம் என்று வரத் தொடங்கிவிடும். 'நாக் ஏ பிளஸ்', 'என்ஐஆர்எஃப் முதல் நூறில்', 'யுஜிசி அங்கீகாரம்' என்ற மூன்றும் அவற்றில் தவறாமல் இருக்கும். நாக் என்பது உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தரச்சான்று தரும் அமைப்பு; என்ஐஆர்எஃப் என்பது மத்திய அரசின் தரவரிசைப் பட்டியல்; யுஜிசி என்பது பல்கலைக்கழக மானியக் குழு. மூன்றுமே உண்மையாக இருக்கலாம். ஆனாலும் இந்த மூன்றை மட்டும் நம்பி, அந்த எம்பிஏ செல்லும் என்று முடிவுகட்டக் கூடாது.

நாக் மதிப்பிடுவது பல்கலைக்கழகம் முழுவதையும். 4 புள்ளிக்கு 3.26 முதல் 3.50 வரை வாங்கினால் ஏ பிளஸ், 3.51 முதல் ஏ டபுள் பிளஸ். கற்பித்தல், ஆராய்ச்சி, கட்டமைப்பு, நிர்வாகம் எல்லாம் சேர்ந்து கிடைத்த மதிப்பெண் அது. ஆன்லைன் எம்பிஏவைத் தனியே எடைபோட்டுத் தந்ததல்ல. பொதுவாக 5 ஆண்டுகளுக்குத்தான் செல்லும் என்பதால் தேதியையும் பார்க்க வேண்டும். உயர்ந்த கிரேடு கிடைக்க லஞ்சம் வாங்கினார்கள் என்று நாக் ஆய்வுக் குழுவினரையே 2025 பிப்ரவரியில் சிபிஐ கைது செய்த பிறகு, அந்த எழுத்துக்காக மட்டும் பணம் கட்டுவது சரியல்ல. என்ஐஆர்எஃப் பட்டியலிலும் பல்கலைக்கழகங்களுக்கு ஒரு வரிசை, மேலாண்மைப் படிப்புகளுக்கு வேறொரு வரிசை. எந்த வரிசை, எந்த ஆண்டு என்பதை விளம்பரம் பெரும்பாலும் சொல்வதில்லை.

உண்மையில் பார்க்க வேண்டியது யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு, அதாவது 'டெப்', தன் இணையதளத்தில் வெளியிடும் பட்டியலில் உள்ள ஒரே ஒரு வரியை. பல்கலைக்கழகத்தின் பெயர், பாடத்தின் பெயர், ஆன்லைனா தொலைநிலையா, எந்தக் கல்வியாண்டு, எந்தச் சேர்க்கைப் பருவம் ஆகிய அத்தனையும் நீங்கள் சேரும் படிப்போடு பொருந்த வேண்டும். ஒரே பல்கலைக்கழகத்துக்கு பி.காம். ஆன்லைனில் நடத்த அனுமதி இருக்கும், எம்பிஏவுக்கு இருக்காது. எம்பிஏவைத் தொலைநிலையில் நடத்தலாம், ஆன்லைனில் நடத்த முடியாது என்றும் இருக்கும். போன பருவத்தில் இருந்த பெயர் இந்தப் பருவத்தில் இல்லாமல் போகலாம். நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக இருந்தால், தொழில்நுட்ப, மேலாண்மைப் படிப்புகளைக் கண்காணிக்கும் ஏஐசிடிஇயின் ஒப்புதலையும் கேளுங்கள். அனுமதியோடு நடக்கும் ஆன்லைன் பட்டம் நேரடி வகுப்புப் பட்டத்துக்கு இணையானது என்று யுஜிசி 2022 செப்டம்பரிலேயே தெளிவுபடுத்திவிட்டது. அந்த 'அனுமதியோடு' என்ற சொல்தான் இங்கே எல்லாமே.

இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு ஒன்றே போதும். நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் முறையான ஒப்புதல் இல்லாமல் தொலைநிலையில் பொறியியல் படிப்பு நடத்தியிருந்தன. 2001 முதல் 2005 வரையிலான கல்வியாண்டுகளில் சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. வேலையில் பல வருடம் இருந்தவர்கள் ஏஐசிடிஇ நடத்திய தேர்வை எழுத வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டங்களோ ரத்தே ஆயின. தவறு செய்தது பல்கலைக்கழகம், பட்டத்தைப் பறிகொடுத்தது படித்தவர்கள்.

2024 செப்டம்பரிலிருந்து ஆன்லைன், தொலைநிலைப் படிப்புகளில் சேரும் இந்திய மாணவர்களுக்கு டெப் ஐடி, அதாவது டெப் தளத்தில் எடுக்கும் அடையாள எண், கட்டாயம். முதலில் ஆதாரைக் கொண்டு 12 இலக்க ஏபிசி ஐடி (மாணவரின் கல்வி கிரெடிட்களைச் சேர்த்துவைக்கும் கணக்கின் எண்) எடுக்க வேண்டும். டிஜிலாக்கர் வழியாகவே எடுத்துவிடலாம். அதை வைத்து டெப் தளத்தில் டெப் ஐடி உருவாக்கி, பிறகு பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளத்தில் சேர வேண்டும். இதை மாணவரே செய்ய வேண்டும். 'ஓடிபியை மட்டும் சொல்லுங்க, நாங்களே போட்டுத் தர்றோம்' என்று அட்மிஷன் கவுன்சிலர் கேட்டால் சொல்லாதீர்கள். அவர் பெரும்பாலும் பல்கலைக்கழக ஊழியரே அல்ல. தனியார் நிறுவனங்களுக்கு ஃபிராஞ்சைஸ் கொடுத்துப் படிப்பு நடத்துவதை யுஜிசி தடை செய்திருக்கிறது.

பணம் கட்டும் இடத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ரசீதை உற்றுப் பாருங்கள். பணம் பெற்றவர் என்ற இடத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறதா, ஏதோ ஒரு பிரைவேட் லிமிடெட் பெயர் இருக்கிறதா? 'வட்டியில்லாத் தவணை' என்பது பல நேரம் நிதி நிறுவனம் ஒன்றிடம் உங்கள் பெயரில் வாங்கப்படும் கடன். ஓடிபி சொன்னதுமே ஒப்பந்தத்தில் கையெழுத்தும் ஆகிவிடும், வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் பிடிக்க அனுமதியும் போய்விடும். படிப்பை இரண்டாம் மாதமே விட்டாலும் கடன் தானாக நிற்காது. பிடித்தம் தவறினால் சிபில் ஸ்கோர் எனும் கடன் மதிப்பெண் குறையும். கடனை முடித்துக்கொள்வது எப்படி, கட்டணம் யாரிடமிருந்து திரும்பி வரும் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் வாங்க வேண்டும். வாட்ஸ்அப் குரல் பதிவு போதாது.

அரசு வேலையை மனத்தில் வைத்துச் சேர்கிறவர்களுக்கு இன்னொன்று. தமிழக அரசுப் பணிக்குப் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசை முக்கியம். பிளஸ் டூ படிக்காமல் திறந்தநிலையில் பட்டம் வாங்கியவர், மேலே எம்பிஏ சேர்த்துவிட்டால் அந்தக் குறை தீர்ந்துவிடும் என்று நினைக்கக் கூடாது.

பத்திரிகைகளுக்கு எங்கள் கோரிக்கை ஒன்றுதான். ஆன்லைன் பட்டப்படிப்பு விளம்பரம் எதுவானாலும் 'இந்தப் பாடம், ஆன்லைன் முறை, இந்தக் கல்வியாண்டின் இந்தப் பருவத்துக்கு அனுமதி' என்ற வரியை, தரவரிசை எண்ணைப் போடும் அதே அளவு எழுத்தில் போடச் சொல்லுங்கள். அடியில் பொடி எழுத்தில் வேண்டாம். அனுமதி இருப்பவருக்கு அந்த ஒரு வரியைத் தருவதில் எந்தச் சிரமமும் இருக்காது.

இப்படிக்கு,
உயர்கல்வி வழிகாட்டிகள் சிலர்,
மதுரை.