17-ஆம் கிணறும் உன் பச்சை நோட்டும்

அன்புள்ள மாலதி,

ஒன்றரை வருஷமாக உனக்கு எழுதவில்லை. இரண்டு முறை ஆரம்பித்துப் பாதியில் வைத்துவிட்டேன். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று ஸ்டெல்லா சொன்னாள், நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். கிருபா இன்னும் அதே கிருபாதான், போன வாரம்கூட சுத்தியல் கதையைப் புதுசாக வந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். சரி, விஷயத்துக்கு வருகிறேன். இதற்கு மேல் என்னால் பொறுக்க முடியாது.

நிலத்தடி உப்புத் தூண் குடை விரித்திருக்கிறது, மாலதி. நம் 17-ஆம் எண்ணெய்க் கிணற்றில். நீ சொன்ன அதே இடத்தில்.

நிலத்துக்குள் ஒலி அலை அனுப்பி எடுத்த பழைய சீஸ்மிக் தரவை எடுத்துப் புது முறையில் மறுபடியும் கணக்குப் போட்டார்கள். அதன் படத்தை முதலில் பார்த்த அன்று எனக்கு இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை. ஆனாலும் படம் படம்தானே, உன்னிடம் சொல்ல வாயைத் திறக்கவில்லை. போன மாதம் பக்கத்திலேயே புதுக் கிணறு தோண்டினார்கள். 2,290 மீட்டரில் உப்பு வந்தது. இந்தத் தடவை யாரும் நிறுத்தவில்லை. 185 மீட்டர் உப்பைத் துளைத்து அடிப்பக்கமாக வெளியே வந்தார்கள். கீழே களிப்பாறை, அப்புறம் மணற்கல். அந்த மணலில் 22 மீட்டருக்கு எண்ணெய். கிணற்றின் பாறை விவரம் பதிந்த லாக் தாளை மேசையில் விரித்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

2003-இல் நாம் 2,310 மீட்டரில் நின்றோம். இன்னும் 200 மீட்டர் போகலாம் என்று நீ அந்த அறையில் எத்தனை தடவை சொன்னாய்! பெரியவர் கையை உயர்த்தி, உப்பு வந்தால் கதை முடிந்தது என்றார். நான் பேசாமல் இருந்தேன். மேசையில் கிடந்த வரைபடம் என்னுடையது. உப்பின் ஓரத்தை மேலிருந்து கீழ்வரை சுவர் மாதிரி நேராக இழுத்தது என் கை. அந்தக் கோட்டை நம்பித்தான் கிணற்றுக்கு இடம் குறித்தார்கள். வறண்ட கிணறு என்று எழுதி மூடியபோது பழி உன் தலையில் விழுந்தது. நீ வேலையை விட்டுப் போனாய். நான் இருந்தேன். இதை உன் முகத்துக்கு நேரே ஒரு நாளும் சொன்னதில்லை, இப்போது எழுதிவிட்டேன்.

ஏன் நேராக இழுத்தேன் என்று இத்தனை வருஷம் யோசித்திருக்கிறேன். உப்புக்குள் ஒலி அலை நொடிக்கு சுமார் 4,500 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. சுற்றியுள்ள களியிலும் மணலிலும் அதில் பாதிதான், சில இடத்தில் கொஞ்சம் கூடுதல். அலை உப்பில் நுழையும்போதும் வெளியே வரும்போதும் கன்னாபின்னாவென்று வளைகிறது. அன்றைக்கு நம்மிடம் இருந்த கணக்கு முறைக்கு அந்த வளைவைத் திருத்தத் தெரியாது. உப்பின் தலை பளிச்சென்று தெரியும். பக்கவாட்டில் மங்கும். பிதுங்கி நிற்கும் பகுதிக்கு அடியில் வெறும் இருட்டு. இருட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாதபோது எல்லோரும் நேர்கோடுதான் போட்டார்கள், நானும் போட்டேன். இப்போது அலையைக் கணினிக்குள் காலத்தில் பின்னோக்கி ஓடவிட்டு, அது எங்கிருந்து எதிரொலித்தது என்று தேடிப் பிடிக்கிறார்கள். அந்த இருட்டிலிருந்து ஒரு குடையின் விளிம்பு மெல்ல எழுந்து வந்ததைப் பார்த்தபோது உன் நோட்டில் பென்சிலால் போட்டிருந்த காளான்தான் நினைவுக்கு வந்தது.

உன்னிடம் படம் இல்லை, பூச்சிதான் இருந்தது, பாறைத் துகள்களில் கிடைக்கும் நுண்ணிய கடல் உயிரி ஓடுகளுக்கு நாம் வைத்த பெயர். பூச்சிக்காரி என்று உன்னைக் கூப்பிட்டோமே, அந்தப் பூச்சி எங்கள் எல்லோரையும் விட அதிகம் பார்த்திருக்கிறது! நீ அன்று சொன்னதை எனக்கு நானே மறுபடி சொல்லிப் பார்க்கிறேன். தப்பாக இருந்தால் திருத்து.

வளைகுடாவின் அடியில் லூவான் என்ற உப்பு அடுக்கு கிடக்கிறது. சுமார் 17 கோடி ஆண்டுகளுக்கு முன், மெக்சிகோ வளைகுடா அப்போதுதான் பிளந்து திறந்துகொண்டிருந்தபோது, கடல்நீர் உள்ளே வந்து வற்றி, வந்து வற்றிப் படிந்தது அது. அதன் மேல் ஆறுகள் கொண்டுவந்த மண் கிலோமீட்டர் கணக்கில் ஏறியது. மண் புதைய புதைய இறுகிக் கனமாகும். உப்பு இறுகாது, எவ்வளவு ஆழத்திலும் அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.2 கிராமைத் தாண்டாது. ஒரு கட்டத்தில் மேலே இருப்பது கனம், கீழே இருப்பது லேசு. அதோடு உப்பு திடப்பொருளாக இருந்துகொண்டே மெல்ல நகரும். மேலே பாரம் ஏற்றத்தாழ்வாக இருக்கும் இடத்தில், பாறை விரிசல் விட்ட இடத்தில், வழி கிடைத்தால் புகுந்து ஏறிவிடும்.

ஏறிவிடும் என்று சொன்னால் நீ உடனே மறுப்பாய். புவியியலாளர் டொனால்ட் பார்ட்டன் 1933-இல் எழுதியதை எனக்கு முதலில் காட்டியவளே நீதான். உப்பின் தலை கடலடிக்கு அருகிலேயே இருந்துவிடும், சுற்றியிருக்கும் மண்தான் பாரத்தில் அமிழ்ந்து போகிறது என்று அவர் சொன்னது. அதைப் புரிந்துகொண்டால் குடை தானாகவே புரிந்துவிடும். மண் வேகமாகக் கொட்டும் காலத்தில் உப்பு நெருக்கப்பட்டு ஒடுங்கிக்கொண்டு வளர்கிறது. மண் வரத்து குறைந்த காலத்தில் நெருக்க ஆளில்லை, வெளியே வழிந்து பரவுகிறது. அப்புறம் மறுபடி மண் வந்து மூடும்போது பரவியது அப்படியே குடையாக நின்றுபோகிறது. உப்புத் தூணின் ஓரம் எங்கே அகன்றிருக்கிறது, எங்கே ஒடுங்கியிருக்கிறது என்று பார்த்தால் எந்தக் காலத்தில் எவ்வளவு மண் வந்தது என்ற கணக்கு அதில் இருக்கிறது.

நீ அந்தக் கணக்கை மறுமுனையிலிருந்து படித்தாய். உப்புக்கு நேர் மேலே, கடைசி 50 மீட்டர் துகள்களில் கடல் நுண்ணுயிரிகளின் ஓடுகள் நெருக்கியடித்துக் கிடந்தன. மண் மெதுவாகப் படியும் இடத்தில்தான் ஓடுகள் அப்படிக் குவியும். உப்புச் சுவரின் பக்கமாகப் போயிருந்தால் அடுக்குகள் இழுபட்டு நிமிர்ந்து நின்றிருக்க வேண்டும், நமக்கு வந்தவையோ அமைதியாகப் படுத்துக் கிடந்தன. அப்படியானால் கீழே இருப்பது சுவரே இல்லை, ஒரு காலத்தில் கடலடியில் பரவி ஓய்ந்த உப்பின் மேற்புறம். அதற்கு அடியில் மணல் இன்னும் உள்ளே போய்த் தண்டு வரைக்கும் ஏறியிருக்கும். மணலின் மிக உயரமான முனை, எண்ணெய் சேர்ந்து நிற்கும் முனை, குடைக்குக் கீழேதான் ஒளிந்திருக்கும். உப்பு ஒரு சொட்டைக்கூட வெளியே விடாது. எவ்வளவு தெளிவாகச் சொன்னாய் நீ!

அன்று உன் பேச்சைத் தட்டியபோது எஸ்தர் ஆப்ளின் கதை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த அறையிலேயே சொல்லியிருப்பேன். 1921-இல் அவர், துளையிடும்போது மேலே வரும் துகள்களில் உள்ள நுண்ணிய ஓடுகளை வைத்து வளைகுடாக் கரையின் பாறைகளுக்கு வயது சொல்லலாம் என்று ஒரு கூட்டத்தில் வாசித்தார். ஒரு பேராசிரியர் எல்லோர் முன்னாலும் ஏளனம் செய்தார். நான்கே வருஷத்தில், 1925-இல், ஆப்ளினும் ஆல்வா எலிசரும் ஹெட்விக் நைக்கரும் சேர்ந்து டெக்சஸ், லூசியானா கரையோரத்தின் நிலத்தடி அடுக்குகளையே வரிசைப்படுத்திக் கட்டுரை வெளியிட்டார்கள். மூவரும் ஹூஸ்டனில் வெவ்வேறு எண்ணெய் நிறுவனங்களில் வேலை பார்த்த பெண்கள். அந்தத் துகள்களில் பல, உப்புத் தூண்கள் மேலெழுந்த உப்புக் குவிமாடங்களில் தோண்டிய கிணறுகளிலிருந்து வந்தவை. உன் வேலைக்குப் பாட்டிமார்கள் இவர்கள்.

ஸ்பிண்டில்டாப் எண்ணெய் வயலின் கதை உனக்கு மனப்பாடம், ஆனாலும் அதை வேறு கண்ணோடு இப்போது பார்க்கிறேன். டெக்சஸில் போமாண்ட் ஊருக்கு வெளியே சமவெளியில் ஒரு சின்ன மேடு, கந்தக வாடை, வாயு கொப்பளிக்கும் ஊற்று. பட்டிலோ ஹிக்கின்ஸ் கீழே எண்ணெய் இருக்கிறது என்றார், படித்தவர்கள் சிரித்தார்கள். லூசியானாவில் உப்புச் சுரங்கம் பார்த்த அந்தோணி லூகாஸ் மட்டும் மேட்டின் வடிவத்தை அடையாளம் கண்டுகொண்டார். 1901 ஜனவரி 10-ஆம் தேதி பீறிட்டது நாளுக்கு ஒரு லட்சம் பீப்பாய் இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். அடக்க ஒன்பது நாள் ஆயிற்று. அது உப்பின் தலைமேல் தொப்பி மாதிரி இருக்கும் மூடுபாறையிலிருந்து வந்த எண்ணெய். நிலத்தடி நீர் உப்பின் தலையைக் கரைத்துக்கொண்டே போக, கரையாத அன்ஹைட்ரைட் என்ற கனிமம் மிஞ்சி, அதில் கொஞ்சம் ஜிப்சமாகி, எண்ணெயைத் தின்னும் பாக்டீரியாக்களின் வேலையால் சுண்ணாம்புக்கல்லும் கந்தகமுமாக மாறிய, பொந்து பொந்தான பாறை. 1902-இல் 1.7 கோடி பீப்பாய் எடுத்தார்கள். அவசர அவசரமாக எல்லோரும் உறிஞ்சியதில் ஓரிரு வருஷத்தில் ஓய்ந்துவிட்டது. மேடு செத்தது என்று போய்விட்டார்கள். 1925-இல் மைல்ஸ் பிராங்க் யவுண்ட்டின் ஆட்கள் பக்கவாட்டில், உப்பின் விலாவை ஒட்டி, இன்னும் ஆழமாகப் போனார்கள். மறுபடியும் எண்ணெய்! நடுவில் இருபது வருஷம் அந்த எண்ணெய் அங்கேயேதான் இருந்தது. நம் 17-ஐயும் இருபது வருஷத்துக்கு மேல் சிமென்ட் போட்டு மூடி வைத்திருந்தோம்.

உப்பு வந்தால் கதை முடிந்தது என்று 2003-இல் சொன்னதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. 1993-இலேயே லூசியானா கரைக்கு அப்பால் மகோகனி என்ற கடல் எண்ணெய் வயலில் உப்புத் தகட்டைத் துளைத்து அடியில் எண்ணெயைக் கண்டுவிட்டார்கள். அதே வளைகுடாவில், பத்து வருஷத்துக்கு முன்பு! எங்கள் யாருக்கும் தெரியாத செய்தி இல்லை. அது கடலுக்குள் இருக்கும் உப்புத் தகட்டுச் சமாசாரம், நம் குவிமாடத்துக்குப் பொருந்தாது என்று பெரியவர் சொன்னபோது தலையாட்டினோம். 185 மீட்டர், மாலதி. துளையிடும் ரிக் அங்கேயே நின்றது, ஆட்கள் இருந்தார்கள், குழாய் இருந்தது. உப்பில் துளை மெல்லச் சுருங்கும், துளைக்குள் ஓடவிடும் சேற்றின் கனத்தைக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான். சில நாள் வேலை.

கோபம் வந்து எழுதுகிறேன், மன்னித்துக்கொள். இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும், அதுதான் அவசரம்.

புதுக் கிணற்றின் அறிக்கையை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. குடையை முதலில் ஊகித்தது யார் என்று அதில் எழுதப் போகிறேன், உன் பெயரோடு, 2003 என்ற வருஷத்தோடு. கோப்பறையில் தேடினேன். 17-இன் கோப்பில் லாக் இருக்கிறது, என் வரைபடம் இருக்கிறது, உன் பூச்சி அறிக்கை மட்டும் இல்லை. இரண்டு நாள் தூசியில் உட்கார்ந்து பார்த்தேன், எங்குமே இல்லை. யார் எடுத்தார்கள் என்று இப்போது கேட்டுப் பயனில்லை. உன் எண்ணிக்கை அட்டவணை வேண்டும், அடுக்கின் சாய்வைப் பற்றி நீ எழுதி வைத்த குறிப்பு வேண்டும், அந்தக் காளான் படமும் வேண்டும். புதுசாக வந்திருக்கும் பெண் ஒருத்தி புதுக் கிணற்றுத் துகள்களை எண்ணிக்கொண்டிருக்கிறாள். உன் எண்ணிக்கையோடு வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறாள். உன்னைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், நானும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். சந்தேகம் கேட்க உனக்குப் போன் செய்யலாமா என்றாள். நீ சரி என்று சொன்னால்தான் எண் கொடுப்பேன்.

நீ எதையும் தூக்கிப் போடுகிறவள் இல்லை, அதனால் நம்பிக் கேட்கிறேன். பச்சை அட்டை நோட்டு, ஓரத்தில் ஆசிட் கொட்டிய கறை இருக்கும். 2,260 மீட்டரிலிருந்து 2,310 வரை உள்ள பக்கங்கள். பூச்சி அரித்திருந்தாலும் பரவாயில்லை, அப்படியே படம் எடுத்து அனுப்பு. 20-ஆம் தேதிக்குள் கிடைத்தால் அறிக்கையில் சேர்த்துவிடுவேன். கிடைக்கத் தாமதமானால் நான் தேதியைத் தள்ளி வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
சாந்தா