பாதியில் மூடிவைத்த முதல் பாகம்: கோமதிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடச் சொல். இங்கே எல்லாரும் சௌக்கியம். மழை சரியாகப் பிடித்துக்கொண்டதால் வெளியே போக வழியில்லை. உனக்கு நீளமாக எழுத நேரம் கிடைத்தது.

ட்ரூடி கனவனின் ‘பிளாக் மெஜிஷியன்’ என்ற மந்திரவாதி நாவல் தொடரை ஆரம்பித்து, முதல் பாகத்தைப் பாதியில் மூடிவைத்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். “சேரியில் ஒளிகிறாள், ஓடுகிறாள், மறுபடி ஒளிகிறாள், இதற்கு மேல் என்னதான் இருக்கிறது?” என்று கேட்கிறாய். நியாயமான எரிச்சல்தான். தாரிணி வேறு, காலவரிசைப்படி முன்கதையிலிருந்து படிக்கச் சொல்கிறாளாம். அவள் பேச்சை இந்த ஒரு விஷயத்தில் கேட்காதே.

‘தி மெஜிஷியன்ஸ் கில்ட்’ 2001, ‘தி நாவிஸ்’ 2002, ‘தி ஹை லார்ட்’ 2003. மூன்றும் சேர்ந்து ஒரே கதை. ‘தி மெஜிஷியன்ஸ் அப்ரென்டிஸ்’ என்ற முன்கதை 2009இல்தான் வந்தது. கதைப்படி பல நூற்றாண்டு முந்தையது என்பதால் அதைத்தான் முதலில் படிக்கவேண்டும் என்று தோன்றும். ஆனால் கறுப்பு மந்திரம் என்றால் என்ன, மந்திரவாதிகளின் சங்கமான கில்ட் ஏன் அந்தப் பெயரைக் கேட்டாலே நடுங்குகிறது என்று மூன்று பாகமும் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் விஷயம், முன்கதையில் எல்லாரும் அறிந்த அன்றாட வழக்கமாக வந்துவிடும். அதைத் தெரிந்துகொண்டு முதல் பாகத்துக்கு வந்தால், சேரிப் பெண்ணான கதாநாயகி சோனியா இருட்டில் ஒளிந்து பார்க்கிற காட்சிக்கு உயிரே இருக்காது.

இப்போது நீ மாட்டிக்கொண்டிருக்கும் இடத்துக்கு வருகிறேன். புத்தகத்தின் முன்னால் இருக்கும் நகர வரைபடத்தை ஒருமுறை பார்த்துக்கொள். நடுவில் அரண்மனை, அதைச் சுற்றி உள்வட்டம், பிறகு நான்கு பகுதிகள், வெளிமதில், மதிலுக்கு வெளியே சேரி. வருடத்துக்கு ஒருமுறை மன்னர் ஆணைப்படி மந்திரவாதிகள் தெருவில் இறங்கி, ஏழைகளை அந்த மதிலுக்கு வெளியே விரட்டுகிறார்கள். பையன்கள் கல்லெறிகிறார்கள். மந்திரக் கவசத்தில் பட்டுக் கல் கீழே விழுகிறது. உள்ளே இருப்பவர்கள் கண்டுகொள்வதுகூட இல்லை. சோனியா எறிந்த கல் மட்டும் கவசத்தைத் தாண்டிப் போய் ஃபெர்கன் என்ற மந்திரவாதியின் நெற்றிப்பொட்டில் படுகிறது, ஆள் மயங்கிச் சரிகிறார். அந்தக் களேபரத்தில் மந்திரவாதிகள் திருப்பித் தாக்க, சம்பந்தமே இல்லாத ஒரு பையன் சாகிறான்.

அந்தப் பையனை மறந்துவிட்டுப் படித்தால்தான் பின்னால் வரும் ஓட்டம் அலுக்கும். கில்ட் அவளைத் தேடுவது தண்டிக்க அல்ல. யாரும் தூண்டாமல் தானாகவே சக்தி விழித்துக்கொண்ட ஆள் அவள். அந்தச் சக்தியை அடக்கக் கற்றுக்கொடுக்காவிட்டால் அது அவளையும் கொல்லும், சுற்றி இருக்கும் தெருவையும் சேர்த்துக் கொளுத்தும். இதை அவளிடம் சொல்ல, கில்டைச் சேர்ந்த மந்திரவாதி ரோத்தன் தவியாய்த் தவிக்கிறார். அவளோ, ஒரு பையனைக் கண்ணெதிரே கொன்றவர்கள் சொல்வதை எப்படி நம்புவாள்? நமக்கு இரண்டு பக்கமும் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. அந்த இடைவெளியைக் கனவன் தேவைக்கு மேல் இழுத்துவிட்டார் என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஒரு அறுபது, எழுபது பக்கத்தைத் தாராளமாக வெட்டியிருக்கலாம்.

ஆகவே விரட்டல் பக்கங்களை வேகமாகப் புரட்டிக்கொண்டு போ. ஆனால் ஒவ்வொரு ஒளிவிடத்திலும் என்ன தீப்பிடித்தது, அப்போது அவள் பயந்திருந்தாளா கோபமாக இருந்தாளா என்பதை மட்டும் கவனி. உணர்ச்சி ஏறும்போதெல்லாம் சக்தி பீறிடுகிறது. போகப் போக அது பெரிதாகிறது. கதையின் கடிகாரம் அதுதான். நிதானமாகப் படிக்கவேண்டிய இடங்கள் மூன்று.

திருடர் தலைவன் ஃபாரனோடு போடும் ஒப்பந்தம் முதலாவது. இந்த ஊரில் ‘திருடன்’ என்றால் ஜேப்படி ஆள் இல்லை, ஒரு கும்பலின் தலைவன். ஒவ்வொருவரும் ஒரு பிராணியின் பெயரை வைத்துக்கொள்கிறார்கள். அவனிடம் உதவி வாங்கியவர்கள் அவனுடைய ‘வாடிக்கையாளர்’. அதாவது திருப்பிச் செய்யக் கடமைப்பட்டவர்கள். காவலாளி ஒருவனைக் ‘கையுறை’ என்று சொன்னால் அவன் விலைபோனவன் என்று அர்த்தம். புத்தகத்தின் கடைசியில் சேரிப் பேச்சுக்கு ஒரு அகராதியே இருக்கிறது, அதைப் புரட்டிவிட்டு வந்தால் இந்தப் பேரம் தெளிவாகப் புரியும். ஃபாரன் அவளைக் காப்பாற்றுவது இரக்கத்தால் இல்லை. கில்டுக்கு வெளியே தன் கைக்கு அடக்கமாக ஒரு மந்திரவாதி வேண்டும், அவ்வளவுதான். அவளால் சக்தியை ஏவ முடியவில்லை, எரிக்கத்தான் முடிகிறது என்று தெரிந்ததும் சரக்கின் மதிப்பு இறங்குகிறது. அவன் முகத்தில் வரும் மாற்றத்தைப் பார்.

அடுத்தது, சோனியாவும் அவள் சேரிச் சிநேகிதன் செரியும் ராத்திரியில் கில்ட் வளாகத்துக்குள் நுழைவது. எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் திரும்பும் நேரத்தில், தரைக்குக் கீழே இருக்கும் ஒரு அறை கண்ணில் படுகிறது. ரத்தக்கறை படிந்த பிச்சைக்கார உடையில் ஒருவன். வேலைக்காரன் கையை நீட்டுகிறான். சின்னக் கத்தியால் ஒரு கீறல். கீறலின் மேல் உள்ளங்கை. இவ்வளவுதான். என்ன நடக்கிறது என்று அவளுக்கும் புரியாது, நமக்கும் புரியாது. மூன்று பாகத்தின் அரசியலும் இந்தக் கீறலிலிருந்துதான் கிளைக்கிறது. நீ இதைத் தாண்டியிருப்பாய் என்று நினைக்கிறேன். அவசரமாகப் படித்திருந்தால் திரும்பிப் போய்ப் பார்.

மூன்றாவது, கில்ட் மந்திரவாதி டேனில் சேரிக்குள் இறங்கித் திருடர்களோடு பேரம் பேசும் இடம். ஃபாரனின் முதலீடே ஊருக்கு ஆபத்து என்று எதிராளி வந்து விளக்கவேண்டிய நிலை. அங்கிருந்து கதை ஓடத் தொடங்கும். நீ நிறுத்திய இடத்திலிருந்து அது அதிக தூரமில்லை.

இந்தத் தொடரை ரசிக்க ஒரு வழி இருக்கிறது. மந்திரம், திருட்டு, அரசியல் மூன்றையும் மளிகைக் கடை நோட்டு மாதிரி பற்று வரவாகப் படி. மந்திரவாதி ஒவ்வொருவருக்கும் சக்திக்கு ஓர் அளவு உண்டு. கவசம் போட்டாலும் செலவு, தாக்கினாலும் செலவு, காயத்தை ஆற்றினாலும் செலவு. ராத்திரி தூங்கி எழுந்தால்தான் திரும்ப நிரம்பும். ஆகவே சண்டையில் யார் கெட்டிக்காரர் என்பதைவிட, யாரிடம் கடைசியில் மிச்சம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. இரண்டாம் பாகத்தில் சக மாணவன் ரெஜினும் அவன் கூட்டாளிகளும் சோனியாவைப் பல்கலைக்கழக நடைவழிகளில் மடக்குவது இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டுதான். தனித்தனியாக வந்தால் அவர்களில் ஒருவனாலும் அவளுக்கு ஈடுகொடுக்க முடியாது. கூட்டமாகச் சேர்ந்து அவள் கவசத்தை அடித்துக்கொண்டே இருந்தால், சண்டைப் பயிற்சியோ துணையோ இல்லாதவள் கையிருப்புத் தீர்ந்து விழுகிறாள். அடி என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை, அவமானம்தான் பெரிது. புகார் சொல்ல அவளால் முடியாது; ஏன் என்பதை நீயே படித்துக்கொள். பிறகு ஐந்து சுற்று நேருக்கு நேர் போட்டி ஒன்று வருகிறது. அந்த அத்தியாயத்தைத் தூக்கம் வரும் நேரத்தில் எடுக்காதே.

கறுப்பு மந்திரம் இந்த நோட்டையே கிழித்துப் போடுகிறது. ஒவ்வொரு உயிருக்கும் அதன் தோலே இயற்கையான அரண். தோலைக் கீறினால் உள்ளிருக்கும் சக்தியை இன்னொருவர் உறிஞ்சிச் சேர்த்துவைக்கலாம், தன் சொந்த அளவுக்கு மேலேயும். முழுக்க எடுத்தால் எதிராளி சாவான். கொஞ்சம் எடுத்து விட்டுவிட்டால் அவன் தூங்கி எழுந்ததும் மறுபடி எடுக்கலாம். இதன் அரசியல் விளைவு என்ன தெரியுமா? இதைச் செய்கிறவர் என்று ஒருவர் மேல் சந்தேகம் வந்தால் அவரைக் கைதுசெய்ய முடியாது. அவரிடம் ஒரு நாள் இருப்பு இருக்கிறதா, பல வருட இருப்பு இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? கில்ட் முழுவதும் சேர்ந்து எதிர்த்தாலும் ஜெயிக்குமா என்பது சண்டை முடிந்த பிறகுதான் தெரியும். முதல் பாகத்தின் கடைசியில் ஒரு சிலருக்கு மட்டும் ஓர் உண்மை தெரியவந்து, அவர்கள் அதை வெளியே விடாமல் விழுங்கிக்கொள்வது இந்தக் காரணத்தால்தான். இரண்டாம் பாகம் முழுக்க அந்த மௌனத்தின் செலவுதான். கில்டின் நிர்வாகி லோர்லனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். வெளியே பார்த்தால் கோப்பு பார்க்கிற ஆள்; உள்ளே தன் நெருங்கிய சிநேகிதனைப் பற்றி ஒவ்வொரு நாளும் தீர்ப்பை ஒத்திப்போடுகிறவர்.

செய்தி எப்படிப் போகிறது என்பதையும் பார்த்துக்கொள். மந்திரவாதிகள் மனத்தாலேயே பேசிக்கொள்வார்கள். ஆனால் அதைக் கவனிக்கிற எந்த மந்திரவாதியும் கேட்டுவிடலாம். ரகசியம் பேச ஒருவரை ஒருவர் தொடவேண்டும், இல்லாவிட்டால் கடிதம்தான். அதனால்தான் இவ்வளவு மந்திரம் இருக்கிற ஊரில் ஆட்கள் குதிரை வண்டியில் கடிதம் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாம் பாகத்தில் எதிரிகள் ஒட்டுக்கேட்கிறார்கள் என்றதும் மனப்பேச்சுக்கே தடை போடவேண்டி வருகிறது. ஏதோ வசதிக்காகப் போட்டுவைத்த விதி என்று நினைத்தால், அது சரியான நேரத்தில் கழுத்தைப் பிடிக்கிறது. கனவனின் கெட்டிக்காரத்தனம் இதில்தான். வசனம் என்று பார்த்தால் சுமார் ரகம். பாத்திரங்கள் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

இரண்டாம் பாகத்தில் டேனில் தூதராக எலைன் நாட்டுக்குப் போகும் பகுதி மெதுவாகத்தான் நகரும். கப்பல், நூலகம், பழைய கல்லறை, சாப்பாடு என்று ஆற அமரப் போகும். அதைத் தள்ளிவிடாதே. கில்டின் தலைவர் அக்கரின் பல வருடம் முன்பு போன தடத்தை அவன் பின்தொடர்கிறான், மூன்றாம் பாகத்துக்கான சாவிகள் அங்கேதான் கிடைக்கின்றன. டேனிலுக்கும் அறிஞன் டேயண்டுக்கும் நடுவே மலரும் காதலையும் கனவன் நிதானமாக எழுதியிருக்கிறார். ஆணை ஆண் விரும்புவதைக் கில்ட் இருக்கும் கைராலியா நாட்டில் மூடி மறைக்கவேண்டும், எலைனில் கண்டுகொள்ள மாட்டார்கள், லோன்மாரில் மரண தண்டனை. ஒரே கூட்டணிக்குள் மூன்று சட்டம். ஒரு தூதருக்கு இதைவிடக் கத்தி விளிம்பு என்ன வேண்டும்?

மூன்றும் முடிந்தபிறகு முன்கதைக்குப் போ. கில்டே இல்லாத காலம். வைத்தியர் மகள் டெசியா, தன்மேல் கைவைக்க வந்த பக்கத்து நாடான சச்சாக்காவின் மந்திரவாதியைத் தள்ளிவிடும்போது தன் சக்தியைத் தெரிந்துகொள்கிறாள். அங்கே மாணவன் தன் சக்தியைக் குருவுக்குக் கொடுப்பதுதான் படிப்புக்கான கட்டணம். பின்னாளில் பெயரைச் சொல்லவே பயப்படுகிற அதே வித்தை! சோனியாவின் காலத்து வரலாற்றுப் புத்தகங்கள் எதையெல்லாம் மறைத்தன என்று அப்போது விளங்கும். அதற்குப் பிறகு இருபது வருடம் தள்ளி நடக்கும் ‘டிரெய்டர் ஸ்பை’ மூன்று பாகங்கள் 2010 முதல் 2012 வரை வந்தவை. அவற்றில் முந்தைய வேகம் இல்லை. ஆனால் செரியின் திருட்டு உலகத்தை ரோயெட் என்ற போதைப்பொருள் உள்ளிருந்து அரிக்கிற பகுதி நன்றாக வந்திருக்கிறது. மந்திரவாதிகளின் வைத்தியத்தால்கூட அந்தப் பழக்கத்தைத் தீர்க்க முடியாது; பழைய திருடர்களின் கடன், கடமை எல்லாம் அதன்முன் செல்லாக்காசு. தாரிணிக்கு வேண்டுமானால் அதைக் கொடு.

ஒரு எச்சரிக்கை. மூன்றாம் பாகத்தின் பின்னட்டையையும் முன்கதையின் பின்னட்டையையும் படிக்காதே. தாரிணியிடம் உறை போட்டுத் தரச் சொல். ரெஜினை இப்போதே திட்டித் தீர்த்துவிடாதே, கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள். மூன்றாம் பாகத்தில் அவனுக்கு வேலை இருக்கிறது. இரண்டாம் பாகம் முடிந்ததும் லோர்லன் வாயை மூடிக்கொண்டிருந்தது சரியா தப்பா என்று எனக்கு எழுது. இதில் நீயும் நானும் ஒத்துப்போக மாட்டோம் என்று நினைக்கிறேன்.

அண்ணனை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
வசந்தி