சான் ரோமானோ ஓவியங்களின் உண்மையான சொந்தக்காரர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் இத்தாலியப் போர் ஓவியங்களைப் பற்றி வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். ஆனால் பதினைந்தாம் நூற்றாண்டு ஓவியர் பாவோலோ உச்செல்லோவின் ‘சான் ரோமானோ போர்’ படத்தின் கீழே, ‘மெதிச்சி குடும்பத்தார் வரையச் சொன்னது’ என்று போட்டிருக்கிறீர்கள். அது சரியல்ல. வெகுகாலம் கலை வரலாற்று நூல்களே அப்படித்தான் எழுதிவந்தன. வெள்ளைக் குதிரையில் வரும் தளபதி நிக்கோலோ தா தோலென்தினோ, அந்நாளில் ஃபிளாரன்ஸ் நகரில் கோலோச்சிய மெதிச்சி குடும்பத்தின் தலைவர் கோசிமோவுக்கு வேண்டியவர்; அதனால் அப்படி எண்ணத் தோன்றியது இயல்புதான்.

1432இல் பக்கத்து நகரமான சியன்னாவுடன் ஃபிளாரன்ஸ் மோதிய போர் அது. அதை மூன்று பெரிய மரப்பலகைகளில் வரையச் சொன்னவர் ஃபிளாரன்ஸ் செல்வந்தர் லியோனார்தோ பார்த்தோலினி சலிம்பெனி. அவருக்குப் பின் ஓவியங்கள் மகன்கள் அந்திரேயா, தாமியானோ கைக்கு வந்தன. கோசிமோவின் பேரன் லொரென்சோ தெ மெதிச்சிக்கு அவற்றின் மேல் கண். அந்திரேயா தன் பங்கைக் கொடுத்துவிட்டார். தாமியானோ மாட்டேன் என்றார். லொரென்சோ ஆள் அனுப்பி, அவர் வீட்டிலிருந்தே எடுத்துவரச் செய்தார். 1492இல் லொரென்சோ இறந்தபோது எழுதிய சொத்துப் பட்டியலில் மூன்றும் அவர் அறையில் இருக்கின்றன. 1494இல் மெதிச்சிகளை ஊரைவிட்டே துரத்தினார்கள். மறு ஆண்டே தாமியானோ, என் ஓவியங்களைப் பறித்துக்கொண்டார்கள் என்று முறையிட்டார். அந்த ஆவணம் வெளிவந்த பிறகுதான் பழைய கருத்து மாறியது.

மகள் வீட்டுக்கு லண்டன் போயிருந்தபோது, நேஷனல் கேலரியில் உள்ள பலகையின் முன்னால் அரைமணி நேரம் நின்றேன். (மற்ற இரண்டும் ஃபிளாரன்ஸின் ஊஃபிஸி, பாரிஸின் லூவர் அருங்காட்சியகங்களில் உள்ளன.) முறிந்த ஈட்டிகள் தரையில் கோடு பிடித்தாற்போல் உள்நோக்கி ஓடுகின்றன. அவற்றினிடையே குப்புற விழுந்து கிடக்கிறான் ஒரு வீரன், குழந்தை அளவுக்குச் சின்னதாக. ஒரு காலத்தில் கவசங்களில் மின்னிய வெள்ளி ரேக்கு இன்று கறுத்துக்கிடக்கிறது. என் கண் அதிகம் போனது மேல் மூலைகளுக்குத்தான். அவை பிறகு ஒட்டவைத்தவை. பழைய வீட்டின் வளைந்த கூரைக்கு ஏற்பச் செய்த பலகைகளின் உச்சியை வெட்டி, மூலைகளில் மரத்துண்டு சேர்த்து நீள்சதுரமாக்கியிருக்கிறார்கள். இடம் மாறிய தடயம் மரத்திலேயே இருக்கிறது.

அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். லியோனார்தோ பார்த்தோலினி சலிம்பெனியின் பெயரோடு, கொடுக்க மறுத்த தாமியானோவின் பெயரும் அதில் இருக்கட்டும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
கும்பகோணம்